கட்டு இரண்டு வெள்ளி

வியாழக்கிழமை, பகாவ் பாசார் மாலாம்.
மழை விட்டும் தார்ப்பாய் சொட்டிக்கொண்டிருந்தது.
கேமரன் மலை லாரியில்
கேட்ட கொத்தமல்லி நாலு கட்டு குறைவு,
கேட்காத ஒன்று இருபது கட்டு.
பச்சை நூலை உதறிப் போட்டதுபோல் இலை.
"இது என்னப்பா?"
ஆ செங் தோளைக் குலுக்கி
"தில்" என்றான்,
நாக்கு நுனியில் ஒட்டியதைத் துப்புவதுபோல.

பெயர் தெரியாத கீரைக்கு
யாரும் பேரம்கூடப் பேசமாட்டார்கள்.
மைலோ பெட்டியின் மூடியைக் கிழித்து
அடியில் விலையை எழுதினேன்:
கட்டு இரண்டு வெள்ளி.
மேலே காலி.

அப்பக்கடை நரசம்மா ஒரு கிள்ளு கிள்ளி
"சோயிகூர கதா!" என்றாள்.
துவரம்பருப்பு முக்கால் வேக்காட்டில் போடணுமாம்,
பூண்டைத் தட்டிப் போடணுமாம்,
மூடக் கூடாதாம்.
மூடினால் மணம் கோபித்துக்கொள்ளுமாம்.
கக் ரொகாயா முகர்ந்து "அடாஸ்" என்றார்,
உடனே அவருக்கே சந்தேகம்.
அடாஸ் சோம்பாயிற்றே,
இது அதற்கு ஒன்றுவிட்ட தங்கையோ என்னவோ.

மருந்துக்கடை வைரக்கண்ணு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"சதகுப்பை.
இதன் விதை என் கடையில் மூன்றாவது தட்டு."
குப்பையா?
அதை எழுதி வைத்தால் எவர் வாங்குவார்?
"சதபுஷ்பம் அம்மா, நூறு பூ.
நடந்து வந்த தூரத்தில்
பூ நம் வாயில் குப்பையாகிவிட்டது.
போகட்டுமே,
நெல்லைக் குவித்து வைத்தாலும்
ஒரு காலத்தில் குப்பை என்றுதான் சொன்னார்கள்."

எனக்கு அது புதிதில்லை.
நான் பிறந்த தோட்டம்
கணக்குப் புத்தகத்தில் கிளென்மோர்.
பால்வெட்டுக்காரர்கள் வாயில் கிளிமூக்கு.
சம்பளச் சீட்டு ஒரு பெயருக்கு வரும்,
சாவுச் சேதி மற்றதற்கு வரும்.
இரண்டுக்கும் நாங்கள்தான் போனோம்.

"அப்போ தில்?"
"பனிக்கடல் ஓரத்து மொழியில்
அழும் பிள்ளையை அமர்த்துவதற்கு
அப்படி ஒரு சொல் இருந்ததாம்.
சிலர் சொல்கிறார்கள்,
நான் சத்தியம் செய்யமாட்டேன்.
கிரைப் வாட்டர் மூடியைத் திறந்தால்
வருமே ஒரு வாசம், அது இதுதான்."

இலையைக் கசக்கினேன்.
இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய இரண்டு மணி.
தோளில் முட்டி முட்டி அழும் தலை,
ரவிக்கையில் காய்ந்த பால்,
சுவரில் பல்லி.
அந்தத் தலை இப்போது
ஜொகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிளில்
விடியுமுன் வரிசையில் நிற்கிறது.
கீரை என்றாலே
தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும்.

எட்டரைக்கு, செம்பனை ஆலைக்கு
இரவு வேலை போகிற ரொஃபிகுல்
கடையைத் தாண்டிப் போய்
பின்னோக்கியே நாலு எட்டு நடந்து வந்தான்,
ரப்பர் பூட்ஸ் சேற்றில் சப்புக்கொட்ட.
குனிந்தான். எடுத்தான்.
கண்ணை மூடிக்கொண்டான்.
"சுல்ஃபா" என்றான்,
என்னிடம் இல்லை.
ஆறு கட்டு.
மீதிச் சில்லறையை வாங்க மறந்தவனை
நரசம்மாதான் கத்திக் கூப்பிட்டாள்.

பதினொன்றுக்குக் கடையைக் கட்டி
விற்காத மூன்றில் ஒன்றை
பருப்பில் போட்டேன், மூடவில்லை.
முதல் வாய்க்கு மருந்துக் கசப்பு.
இரண்டாவதுக்கு எலுமிச்சையும் புல்லும்.
மூன்றாவதுக்குள் சோறு தீர்ந்துவிட்டது.

கை கழுவுமுன் ஆ செங் போன் அடித்தான்.
அடுத்த வாரம் என்னென்ன வேண்டும்?
கொத்தமல்லி, குறைக்காதே.
புதினா. சாவி.
அப்புறம்...
மேசையில் மைலோ மூடி,
விலைக்கு மேலே இன்னும் காலி.
ஐந்து பெயர்களும் தொண்டைவரை வந்து
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.
"அப்புறம்?"
"அதுதான்பா,
அந்த நூல்."